உறைவதற்கு முந்தைய நிமிடங்கள்: கண்டியில் சிறுநீரக இழையத்தின் மரபணு வெளிப்பாட்டை ஆராய்வது பற்றி

உறைந்த இழையத்திலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்து மரபணு வெளிப்பாட்டை அளந்த கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இரண்டு தகவல்கள் தவறாமல் இருக்கும். மாதிரி −80 பாகை செல்சியஸில் வைக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று, பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.யின் தரம் இன்ன எண் என்பது மற்றது. இழையம் உடலைவிட்டுப் பிரிந்த கணத்துக்கும் உறைந்த கணத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கண்டியிலும் பேராதனையிலும் சிறுநீரக இழையத்தைக் கொண்டு இவ்வகை ஆய்வுக்கு முனைபவர்களுக்கு அந்த விடுபட்ட நேரந்தான் தலையாய சிக்கல் என்பது என் வாதம். கருவி வாங்கவும் வினைபொருள் தருவிக்கவும் நாம் மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். பயொப்சி அறையில் கழியும் பத்து நிமிடத்துக்குத் திட்டம் எதுவும் இல்லை.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளிடம், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாமலே, சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் கண்டறியப்பட்டு வருகிறது. மதவாச்சி, பதவியா, கிராந்துருக்கோட்டை என்று அதன் ஊர்கள் உலர் வலயத்தில் இருந்தாலும், அதைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி உருவானது மலைநாட்டில்தான். கண்டி வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவும் பேராதனை மருத்துவ பீடத்தின் நோயியல் துறையும் பார்த்த இழையத் துண்டுகளிலிருந்தே இந்நோயின் முகம் தெளிந்தது. வடிகட்டும் கலன்கோளங்களைவிட, சிறுநீரக நுண்குழாய்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இழையமுமே முதலில் சேதமாகின்றன என்பது அப்படித் தெரிய வந்த உண்மை. காரணம் எது என்பதில்தான் இன்னும் இணக்கமில்லை. கட்மியம், ஆசனிக்கு, புளோரைட்டும் கடின நீரும், களைகொல்லி, வெயிலில் உழைப்பதால் வரும் நீரிழப்பு, ஹன்டா வைரஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தரப்பு இருக்கிறது.

பரம்பரைப் பக்கத்தை ஆராய்ந்தவர்கள் முதலில் டி.என்.ஏ.யை எடுத்துக்கொண்டார்கள். கியோத்தோ பல்கலைக்கழகத்துடன் இணைந்து செய்யப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, எஸ்.எல்.சி.13ஏ3 என்னும் கடத்திப் புரதத்தின் மரபணுவில் உள்ள ஒரு வேறுபாட்டை இந்நோயுடன் தொடர்புபடுத்தியது. டி.என்.ஏ. பொறுமையானது. குருதி எடுத்த சோதனைக் குழாய் ஒரு பகல் மேசையில் கிடந்தாலும் அதன் எழுத்து வரிசை மாறாது. அது யப்பான் வரை போய்வரும். ஆனால் அது சொல்வது ஒருவருக்கு நோய் வரக்கூடிய சாத்தியத்தை மட்டுமே. இந்த நேரத்தில் இந்தக் கலம் எதை எதிர்த்துப் போராடுகிறது என்பதை அறிய வேண்டுமானால் ஆர்.என்.ஏ.யைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பொறுமை கிடையாது.

ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த வழியில் இறங்கினார்கள். நோயாளிகளின் குருதியில் சில மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து, நோயை முன்கூட்டிக் காட்டும் குறியீடுகளைத் தேடிய அவர்களது முன்னோடி ஆய்வு 2017இல் ‘பி.எம்.சி. நெப்ராலஜி’ இதழில் வந்தது. குருதி என்ற தெரிவைக் குறைசொல்ல இடமில்லை. சிறுநீரகத்தில் ஊசி ஏற்றினால் குருதிக் கசிவு அபாயம் உண்டு. ஆரோக்கியமானவரிடம் ஒப்பீட்டுக்காக அதைச் செய்யவே முடியாது. குறியீடு ஒன்று கிராமத்துச் சிகிச்சை நிலையத்தில் பயன்பட வேண்டுமானால் அது குருதியிலோ சிறுநீரிலோ இருந்தாக வேண்டும். எனினும் குருதியில் கிடைக்கும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் வெண்குருதிக் கலங்களுடையது. நுண்குழாய்க் கலத்துக்குள் நடப்பதை அது நேரே சொல்லாது. காரணத்தைத் தேடுபவர் இறுதியில் இழையத்துக்கு வந்தே தீர வேண்டும்.

வந்தால் கையில் கிடைப்பது எவ்வளவு? மீயொலிப் படத்தின் துணையுடன் 16 அல்லது 18 கேஜ் ஊசியால் எடுக்கும் துண்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளமும் உள்ள ஓர் இழை. நிறை சில மில்லிகிராம். அதற்குள் உரிமை கோருபவர்கள் பலர். ஒளி நுணுக்குக்காட்டிக்குப் போமலினில் ஒரு பங்கு, நோயெதிர்ப்பு ஒளிர்வுச் சோதனைக்கு உறைந்த பங்கு, வசதியுள்ள இடத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் குளுட்டரல்டிகைட்டில் ஒரு துளி. நோயாளி ஊசியை ஏற்றுக்கொண்டது நோய் நிர்ணயத்துக்காக என்பதால் அவற்றுக்கே முன்னுரிமை. அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆய்வாளருக்கு வருவது மிச்சம். மிச்சம் எப்போதும் கடைசியாகத்தான் கைக்கு வரும், அதாவது தாமதமாக. ஆய்வின் முதற்பிழை யாருடைய கவனக்குறைவாலும் வருவதில்லை. ஒழுங்காக நடக்கும் மருத்துவ நடைமுறையின் வரிசையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தாமதத்தில் இழையத்துக்கு என்ன நேர்கிறது என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுவாகப் பேசப்படுவது ஆர்.என்.ஏ. சிதைவது. இழையத்திலேயே உள்ள ஆர்.என்.ஏ. சிதைக்கும் நொதியங்கள் பிடிவாதமானவை. இவ்வினத்தில் பெயர்பெற்றதான கணைய நொதியம் நான்கு இருகந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டது. கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் மீண்டும் மடிந்து வேலையைத் தொடங்கிவிடும். எல்லா ஆய்வுகூடத்தினரும் கையுறையோடும் வடிகட்டிய முனைகளோடும் போராடுவது இந்த எதிரியோடுதான்.

அதிகம் பேசப்படாத மற்றது, கலம் இன்னும் உயிரோடிருப்பது. குருதியோட்டம் நின்ற கலம் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. ஒட்சிசன் குறைகிறது என்று உணர்கிறது, அதற்கேற்ற மரபணுக்களைப் படியெடுக்கிறது. ஃபொஸ், ஜுன் போன்ற உடனடி எதிர்வினை மரபணுக்கள் சில நிமிடங்களிலேயே எழும். ஒட்சிசன் குறைவுக்கு விடையளிப்பவை பின்தொடரும். கொய்த தேயிலைக் கொழுந்து மலையடிவாரத் தொழிற்சாலைக்கு வந்து சேரும்வரை கூடைக்குள் மாறிக்கொண்டே இருப்பது போலத்தான் இதுவும். ஆனால் தோட்டத்தில் கொழுந்தை எடைபோட்ட நேரம் ஏட்டில் ஏறும். குடல் அறுவைச் சிகிச்சையில் அகற்றிய இழையத்தை வைத்து ஜேர்மன் ஆய்வுக் குழுவொன்று 2004இல் வெளியிட்ட அளவீடு இத்துறையில் திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படுவது. ஐந்து முதல் எட்டு நிமிடத்திலேயே மாற்றங்கள் தொடங்கின. அளந்தவற்றுள் 15 நிமிடத்தில் 10 முதல் 15 சதவீதமும், 30 நிமிடத்தில் 20 சதவீதமும் ஆரம்ப நிலையிலிருந்து விலகியிருந்தன. குடல் சிறுநீரகமல்ல, எண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் ஒட்சிசன் தேவையில் சிறுநீரக நுண்குழாய் குடலுக்கு இளைத்ததல்ல. இங்கே விளைவு குறைவாக இருக்கும் என்று நம்புவதற்குக் காரணமும் இல்லை.

இங்கேதான் தரஎண் நம்மை ஏமாற்றுகிறது. ஆர்.ஐ.என். எனப்படும் ஒன்று முதல் பத்து வரையான அந்த அளவுகோல் 2006இல் பதிப்பாகி உலகம் முழுவதும் பரவியது. 28எஸ், 18எஸ் என்னும் இரு ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களின் முகடுகள் எவ்வளவு முழுமையாக நிற்கின்றன என்பதையே முதன்மையாக வைத்து, மாதிரி நொறுங்கியிருக்கிறதா என்று அது சொல்கிறது. கலம் அரைமணி நேரம் மூச்சுத்திணறிப் புதிய ஆர்.என்.ஏ.க்களை எழுதிவிட்டு, பின்னர் ஒழுங்காக உறைந்திருந்தால், அவை யாவும் முழுமையாகவே இருக்கும். எண் எட்டு என்றும் ஒன்பது என்றும் வரும். இதழின் நடுவர் திருப்தியடைவார். சிதைவைப் பிடிக்கும் இந்த அளவுகோலுக்குத் தாமதத்தில் எழுந்த மாற்றம் தெரியாது. பிரித்தெடுத்த பிறகு குழாயில் உள்ள ஆர்.என்.ஏ.யைப் பார்த்து, அது நோயாளியின் உடலில் எழுதப்பட்டதா தட்டில் எழுதப்பட்டதா என்று உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. நேரம் குறித்த தாள் ஒன்றுதான் சாட்சி.

பொதுவான எச்சரிக்கையாக இது எங்கும் பொருந்தும். கண்டியின் கேள்விக்கு வரும்போது பிழை ஒரு குறிப்பிட்ட திசையில் சாய்கிறது. அதை நான் வலியுறுத்த விரும்புகிறேன். நோயாளியின் துண்டு, குருதி ஓடிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் வருகிறது. ஒப்பீட்டுக்கான ‘சாதாரண’ இழையம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் இரண்டு இடங்கள்: கட்டிக்காக முழுச் சிறுநீரகமும் அகற்றப்படும்போது கட்டிக்கு அப்பாலுள்ள பகுதி, அல்லது மாற்றுச் சிகிச்சைக்குக் கொடையாளியிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தில் பொருத்துமுன் எடுக்கும் துண்டு. முன்னதில் நாடியைக் கவ்வியால் அடைத்த பிறகு உறுப்பு உடலின் சூட்டிலேயே சிறிது நேரம் இருக்கிறது, வெளியே வந்து தட்டில் காத்திருக்கிறது, பின்பு நோயியல் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. பின்னதில் குளிர் திரவத்தால் கழுவப்பட்டுப் பனியில் கிடக்கிறது. நோயாளி மாதிரிக்குக் கழிந்தது இரண்டு நிமிடம், ஒப்பீட்டு மாதிரிக்கு நாற்பது நிமிடம் என்றால், இரண்டுக்கும் இடையில் புள்ளியியல் காட்டும் வேறுபாட்டில் நோயின் பங்கு எது, கவ்வியின் பங்கு எது?

வேறு நோயாக இருந்தால் இதைச் சிறு இரைச்சலாக ஒதுக்கலாம். இங்கே விசாரணைக்குட்பட்ட கருதுகோள்களே நீரிழப்பு, ஒட்சியேற்ற அழுத்தம், ஒட்சிசன் குறைவு, நுண்குழாய்க் காயம் ஆகியவை. தாமதமும் எழுப்புவது அதே மரபணுக் கூட்டத்தைத்தான். ஒப்பீட்டு இழையம் தாமதித்திருந்தால், நோயாளியிடம் உண்மையிலேயே உயர்ந்திருக்கும் மரபணுக்கள் சாதாரணமாகத் தோன்றும். வெயிலையும் நீரிழப்பையும் காரணமாக்கும் கருதுகோள் அநியாயமாகத் தோற்கும். மாறாக, நோயாளியின் மிச்சத் துண்டு தாமதித்து, ஒப்பீடு விரைந்து உறைந்திருந்தால் அது அநியாயமாக வெல்லும். இரண்டிலும் ஆர்.ஐ.என். அழகாகவே இருக்கும். பிசிஆர் கணக்கில் அளவுகோலாக எல்லோரும் வைத்துக்கொள்ளும் ஜி.ஏ.பி.டி.எச். மரபணுவும் ஒட்சிசன் குறைவில் எழக்கூடியது. கோலே நீளும்போது அளந்ததற்கு என்ன மதிப்பு? அளவுகோல் மரபணுவின் நிலைப்பை அந்த இழையத்திலேயே நிறுவிக் காட்ட வேண்டும் என்று 2009இல் வந்த எம்.ஐ.க்யூ.இ. வழிகாட்டல் கேட்பது இதற்காகவே.

உறையவைக்கும் முறைக்கு வருவோம். திரவ நைதரசன் −196 பாகை. அதில் நேரே போடும் துண்டைச் சுற்றி ஆவிப்படலம் ஒன்று எழுந்து குளிர்வதைத் தாமதப்படுத்துவதால், நைதரசனில் குளிர்வித்த ஐசோபென்ரேனில் அமிழ்த்துவது இழையத்தின் உருவம் கெடாமலிருக்க நல்லது. வெட்டிப் பார்க்க வேண்டிய துண்டை ஓ.சி.டி. கலவையில் புதைத்து உறையவைப்பார்கள். கண்டிக்கு நைதரசன் புதியதல்ல. சில கிலோமீற்றர் தொலைவில் குண்டசாலையில் கால்நடைகளுக்கான செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம் பல்லாண்டுகளாக அதை நம்பியே இயங்குகிறது. மாட்டு விந்து உறைக்குழாய்கள் அதில் அமிழ்ந்தபடி நாடெங்கும் போகின்றன. சிக்கல், ஊசி ஏற்றும் அந்தக் காலைப்பொழுதில் அந்த அறையின் வாசலில் நிரம்பிய கொள்கலன் நிற்குமா என்பது. பயொப்சி சில நாட்களில் நடக்கும், சில நாட்களில் ஒத்திவைக்கப்படும். நைதரசனோ எந்நாளும் ஆவியாகும்.

ஆகவே ஆர்.என்.ஏ.க்கான பங்கைப் பொறுத்தவரை, இங்கே முதல் தெரிவு நைதரசனாக இருக்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன். செறிந்த அமோனியம் சல்பேற்றுக் கரைசலில் சிறு துண்டைப் போட்டால், உப்பு ஊடுருவிப் புரதங்களை வீழ்படியச் செய்கிறது. சிதைக்கும் நொதியங்களும் படியெடுக்கும் நொதியங்களும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. ஆர்.என்.ஏ.லேற்றர் என்ற பெயரில் விற்பனையாவது இதுதான். துண்டின் ஒரு பக்கமாவது அரைச் சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு மில்லிமீற்றர் ஊசித்துண்டு அதை எளிதில் நிறைவேற்றும். தயாரிப்பாளர் தரும் காலவரை 37 பாகையில் ஒரு நாள், 25 பாகையில் ஒரு வாரம், 4 பாகையில் ஒரு மாதம். கண்டியின் அறை வெப்பநிலைக்கு இது தாராளம். கிராந்துருக்கோட்டையில் எடுத்த துண்டு மகியங்கனைப் பாதையில் ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற பகுதியை ஏறி வந்தாலும் தாங்கும். அமோனியம் சல்பேற்று, சோடியம் சித்திரேற்று, ஈ.டி.ரி.ஏ. ஆகியவற்றைக் கலந்து அமில நிலையை (pH) 5.2க்குக் கொணர்ந்தால் ஆய்வுகூடத்திலேயே தயாரிக்கலாம். தேயிலைச் செடிக்கு இட்டுவந்த அதே உப்புத்தான். உரமூட்டையிலிருந்து அள்ளிவிடக் கூடாது, அவ்வளவே. நோயியலாளர்களுக்கும் இவ்வுப்பு பழக்கமானது. நோயெதிர்ப்பு ஒளிர்வுக்கான துண்டுகளை அனுப்பப் பயன்படும், 1972இல் விவரிக்கப்பட்ட மிஷெல் ஊடகமும் அமோனியம் சல்பேற்றை அடிப்படையாகக் கொண்டதே.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. சிறுநீரகப் பயொப்சிகளில் மரபணு வெளிப்பாட்டை அளக்கப் பல நாட்டு வைத்தியசாலைகளை இணைத்த ஐரோப்பியக் குழு 2002இல் வெளியிட்ட செய்முறை, வார்டிலேயே துண்டைப் பாதுகாப்புக் கரைசலில் போடுவதை அடிப்படையாக்கியது. பின்னர் நுணுக்குக்காட்டியின் கீழ் கலன்கோளங்களையும் நுண்குழாய்ப் பகுதியையும் கையாலேயே பிரித்தார்கள். பல வைத்தியசாலைகளில் நைதரசனை நம்ப முடியாது என்ற நடைமுறை உண்மை அங்கும் இருந்தது. கரைசலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். உப்பூறிய துண்டு, உறைந்த இழையத்தைச் சீவும் கிரையோஸ்ரற்றில் ஒழுங்காக உறையாது. மெல்லிய வெட்டெடுத்துப் பார்ப்பது கடினம். இந்நோயில் அது சிறு குறையல்ல. நார்த்திசு பெருகி அழற்சிக் கலங்கள் குடியேறிய துண்டில் ஒரு மரபணு உயர்ந்திருந்தால், நுண்குழாய்க் கலம் அதை அதிகம் எழுதியதா, அதை எழுதும் வேறு கலங்கள் வந்து சேர்ந்தனவா என்று வெட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நோயெதிர்ப்பு ஒளிர்வுக்காக எப்படியும் உறையவைக்கும் ஓ.சி.டி. கட்டியின் எச்சத்தை −80இல் பேணினால், அந்தத் தேவைக்குப் புதிதாக ஒரு துளி இழையமும் கேட்க வேண்டியதில்லை.

உறைந்த துண்டை ஆர்.என்.ஏ.க்காகத் திறக்கும் கட்டம் அடுத்த ஆபத்து. பனிப்பளிங்குகள் கலமென்சவ்வுகளைக் கிழித்திருக்கும்; துண்டு இளகிய மறுகணம் நொதியமும் ஆர்.என்.ஏ.யும் ஒன்று கலக்கும். எனவே இளகவிடாமலே, குளிரில் பொடித்தோ கிரையோஸ்ரற்றில் சீவியோ, நேரே குவானிடினியம் தயோசயனேற்றுக் கரைசலுக்குள் தள்ள வேண்டும். பினோலோடு சேர்த்து இதை ஒரே படியில் செய்யும் முறையைக் கொம்சின்ஸ்கியும் சாக்கியும் 1987இல் வெளியிட்டார்கள். ட்ரைசோல் என்று நாம் ஊற்றுவது அதன் வழிவந்தது. ஈரப்பதம் மிகுந்த கண்டியில் குளிர்ந்த உரலின் மேல் நொடியில் பனி படியும். அந்த நீர் துண்டோடு கலக்கும். சில மில்லிகிராமை உரலில் பொடித்தால் பாதி உரலோடு போய்விடும் என்பதால், ஊசித்துண்டுக்கு உரலே வேண்டாம் என்பேன். கரைசலுக்குள் மணிகளோடு குலுக்கி நொறுக்குவதே சிக்கனம்.

சேமிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியதையும் இங்கு எவரும் மறக்கவில்லை. −80 பெட்டி மெல்லச் சூடேறித் திரும்பக் குளிர்வது வெளியே தெரியாது. கதவைத் திறப்பவருக்குக் காலையில் அதே எண்தான் தெரியும். வெப்பநிலையைத் தொடர்ந்து பதியும் சிறுகருவி ஒன்று, பெட்டியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. உப்பூறிய துண்டுகள் இத்தகைய ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது கரைசலுக்கு மேலும் ஒரு நியாயம்.

இவ்வளவு சிரமம் ஏன், போமலினில் பதப்படுத்திய பரபின் கட்டிகளிலிருந்தே இன்று ஆர்.என்.ஏ. எடுக்கலாமே என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு. துண்டுபட்ட ஆர்.என்.ஏ.யையும் எண்ணக்கூடிய முறைகள் வந்துவிட்டன. நோய் அறியப்பட்ட காலந்தொட்டுச் சேர்ந்த பரபின் கட்டிகள் பேராதனை போன்ற நோயியல் துறைகளின் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். ஆனால் போமலினுக்குள் போகுமுன்னரும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கட்டிகளுக்கு நேரக்குறிப்பு கிடையாது, ஒப்பீட்டுப் பரபின் கட்டிகளின் சாய்வு அங்கேயும் அதேதான். ஊடகம் மாறினால் சிதைவுப் பிரச்சினை மாறும். கவ்விக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நேரப் பிரச்சினை மாறாது.

செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, ஒப்பீட்டு இழையத்தை நோயாளியின் இழையம் எடுக்கப்படும் விதமாகவே எடுப்பது. கட்டிக்காக அகற்றவிருக்கும் சிறுநீரகத்தில், நாடியைக் கவ்வுவதற்குச் சற்று முன், கட்டிக்கு எதிர்முனையிலிருந்து அதே கேஜ் ஊசியால் ஒரு துண்டு. சில நிமிடத்தில் வெளியேறப்போகும் உறுப்பு என்பதால் கசிவு அபாயம் சிறியது. கட்டியைத் தொடாத பாதையை அறுவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் முன்கூட்டி வேண்டும். உயிருடனிருக்கும் கொடையாளியிடம் இதைக் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. இன்னொருவருக்குள் வேலைசெய்யப் போகும் உறுப்பில் ஆய்வுக்காக ஊசி ஏற்ற நியாயமில்லை.

இரண்டாவது, தாமதத்தையே ஆய்வுப் பொருளாக்குவது. அகற்றிய சிறுநீரகத்தின் நோயற்ற பகுதியைச் சிறு துண்டுகளாக்கி, கண்டியின் அறை வெப்பநிலையில் வைத்து, உடனேயும் 10, 30, 60 நிமிடங்களிலும் கரைசலில் போட்டு, உடனடி எதிர்வினை மரபணுக்களையும் ஒட்சிசன் குறைவு மரபணுக்களையும், அளவுகோலாக வைக்கப்போகும் மரபணுக்களையும் அளந்து பார்க்கலாம். கவ்விக்கு முன் எடுத்த ஊசித்துண்டு இருந்தால் அதுவே பூச்சியப் புள்ளி. சில நோயாளிகளின் இழையமே போதும், ஏனெனில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. கிடைக்கும் பட்டியலில் உள்ள எந்த மரபணுவையும், நேரக்குறிப்பு இல்லாத மாதிரியை வைத்து நோயின் அடையாளமென்று அறிவிக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு வெளிநாட்டு வரிசையறியும் இயந்திரமோ உலர்பனியில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் பொதியோ வேண்டாம். பேராதனையிலும் ஹந்தானையிலும் ஏற்கெனவே இயங்கும் பிசிஆர் கருவியும், அறுவைக் கூடத்தில் கவ்வி மூடிய நேரத்தையும் துண்டு கரைசலில் விழுந்த நேரத்தையும் எழுதிவைக்கப் பொறுப்பேற்ற ஒருவரும் போதும்.